பதினோராயிரம் கிலோமீட்டரில் போன பால் ஜாயிண்ட்

2021 ஏப்ரல் மாதம். ஏற்காட்டிலிருந்து மிளகு மூட்டைகளை ஏற்றிக்கொண்டு சேலத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தேன். இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதியைத் தாண்டியிருப்பேன். ஒரு வளைவில் பிரேக்கை விட்டு ஸ்டியரிங்கை ஒடித்தபோது முன் இடது சக்கரத்துப் பக்கம் 'டக்' என்று ஒரு சத்தம் கேட்டது. கல் தெறித்தால் அப்படிக் கேட்காது. இரும்போடு இரும்பு மோதும், உள்ளடங்கிய சத்தம். அடுத்த வளைவிலும் கேட்டது. அதற்கடுத்த வளைவில் பெடலில் இருந்த பாதத்திலேயே அதை உணர்ந்தேன்.

அது எனக்குப் பழக்கமான சத்தம். ஐந்து மாதத்துக்கு முன்பு அதே சத்தத்துக்காக, அதே சக்கரத்தில், அதே இடத்தில் புது பால் ஜாயிண்ட், அதாவது சக்கரத்தை வண்டியோடு இணைக்கும் உருண்டை மூட்டு, போட்டிருந்தேன். மீட்டரைப் பார்த்தேன். போட்டதிலிருந்து 11,000 கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. வண்டியோடு கம்பெனியிலிருந்து வந்த பால் ஜாயிண்ட் இதே மலையில், இதே லோடோடு 96,000 கிலோமீட்டர் தாங்கியது.

அந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் என்ன நடந்தது என்று கண்டுபிடிக்க எனக்குக் கிட்டத்தட்ட ஒரு வருடம் ஆனது. இன்னொரு பால் ஜாயிண்டும் போனது. மலைப்பாதையில் லோடு வண்டி ஓட்டும் யாருக்கும் அந்த ஒரு வருடம் மறுபடி வரக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வண்டியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 2016இல் புதிதாக வாங்கிய டீசல் பிக்கப். பின்னால் பட்டை ஸ்பிரிங். முன்னால் இரண்டு சக்கரமும் தனித்தனியாக ஏறி இறங்கும் அமைப்பு. ஒவ்வொரு முன்சக்கரத்தையும் மேலே ஒரு கை, கீழே ஒரு கை பிடித்திருக்கும். பட்டறையில் அவற்றை அப்பர் ஆர்ம், லோயர் ஆர்ம் என்பார்கள். அந்தக் கைகளையும் சக்கரத்தைத் தாங்கும் நக்கிளையும் இணைக்கும் மூட்டுதான் பால் ஜாயிண்ட். தொடை எலும்பின் உருண்டைத் தலை இடுப்புக் குழிக்குள் சுழல்வதைப் போல, ஓர் எஃகுக் குமிழ் ஒரு கிண்ணத்துக்குள் சுழல்கிறது. நடுவில் கிரீஸ். வெளியே தண்ணீரும் மண்ணும் புகாமல் ஒரு ரப்பர் உறை. அதைப் பூட் என்பார்கள். உறை கிழிந்தால் கிரீஸ் வெளியேறும், மண் உள்ளே போகும், குமிழும் கிண்ணமும் ஒன்றையொன்று அரைத்துக்கொள்ளும்.

மேலே இருப்பதற்கும் கீழே இருப்பதற்கும் பெரிய வித்தியாசம் உண்டு. என் வண்டியில் சுருள் ஸ்பிரிங் லோயர் ஆர்ம் மீது உட்கார்ந்திருக்கிறது. அதனால் வண்டியின் முன்பாரம் முழுவதும் ஸ்பிரிங் வழியாகக் கீழ்க் கைக்கு வந்து, அங்கிருந்து கீழ் பால் ஜாயிண்ட் வழியாகத்தான் சக்கரத்துக்குப் போகிறது. மேலே இருப்பது சக்கரத்தை நிமிர்த்திப் பிடிக்கும் வேலையை மட்டும் செய்கிறது. என் மேல் பால் ஜாயிண்ட்கள் இன்றுவரை வண்டியோடு வந்தவைதான். போவதெல்லாம் கீழே.

அதிலும் இடது பக்கம்தான் முதலில் போனது. அதன் காரணம் எனக்கு வெகுநாள் கழித்துதான் பிடிபட்டது. மலைப்பாதையில் ஏறும் வண்டிக்கு இறங்கும் வண்டி வழிவிட வேண்டும், அதுதான் விதி. நான் லோடோடு பெரும்பாலும் இறங்கும் வண்டி. எதிரே பஸ் ஏறினால் ஒதுங்குவது என் வேலை. ஒதுங்கும்போது இடது சக்கரம் தார் விளிம்பைவிட்டு மண்ணில் 'தொப்' என்று இறங்கும், பிறகு விளிம்பில் மோதி ஏறும். இறக்கத்தில் பிரேக் பிடித்தபடி வருவதால் பாரம் ஏற்கெனவே முன்னால் சாய்ந்திருக்கும். அந்த நிலையில்தான் அந்த அடி விழுகிறது. ஒரு நடைக்கு பத்து முறை என்றால் வருடத்துக்கு எத்தனை என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்.

இனி, 2020 நவம்பரில் நடந்த முதல் மாற்றம். எங்கே போட்டேன் என்று சொல்லப்போவதில்லை. சேலத்தில் நல்ல பெயர் உள்ள பட்டறை. லாரி வேலையில் கைதேர்ந்தவர்கள். காலையில் விட்டேன், மதியம் வண்டி தயார் என்றார்கள். புதுப் பால் ஜாயிண்ட் 1,400 ரூபாய், கூலி தனி. சத்தம் நின்றுவிட்டது. சந்தோஷமாக மலையேறினேன்.

ஏப்ரலில் சத்தம் திரும்ப வந்ததும், பொருள்தான் மட்டம் என்று நினைத்தேன். எல்லோரும் அதையேதான் சொன்னார்கள். "டூப்ளிகேட் போட்டுவிட்டார்கள் தம்பி" என்றார் நாகலூரில் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. விலை உயர்ந்த வேறொரு பால் ஜாயிண்ட் வாங்கி வேறு பட்டறையில் கொடுத்தேன். ஆனால் பழையதைக் கையோடு வாங்கிக்கொண்டேன். என் மாமா ஒருவர் லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் கொண்டுபோய், "இதைக் குறுக்கே அறுத்துக் காட்டுங்கள் மாமா, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்" என்றேன்.

அறுத்து எடுத்ததும் மண்ணெண்ணெயில் கழுவலாம் என்றார். வேண்டாம், முதலில் அப்படியே பார்ப்போம் என்றேன். குமிழ் பெரிதாகத் தேயவில்லை. ஒரு பக்கம் பளபளவென்று, ஒரு பக்கம் மங்கலாக இருந்தது. கிண்ணத்துக்குள் வெள்ளை நைலான் போன்ற ஒரு புறணி இருந்தது. அதன் பாதி வெள்ளையாகவே இருந்தது. மறுபாதி தேன் நிறத்திலிருந்து காபிக்கொட்டை நிறம் வரை மாறி, உருகி வழிந்து, விளிம்பில் பிசிறாக உறைந்திருந்தது. அந்தப் பக்கத்தில் கிரீஸ் இல்லை. கருத்த பொருக்கு மட்டும்தான். மாமா கிண்ணத்தை வெளிப்பக்கம் திருப்பினார். உருகிய இடத்துக்கு நேர் பின்னால், வெளிச்சுவரில், பட்டாணி அளவில் இரண்டு வெல்டிங் பொட்டு.

"சூடு வைத்திருக்கிறார்கள் மாப்பிள்ளை. போட்ட அன்றைக்கே இது செத்துவிட்டது" என்றார் மாமா.

ஏன் வெல்டிங் வைத்தார்கள்? அதையும் பிறகுதான் புரிந்துகொண்டேன். என் வண்டியில் கீழ் பால் ஜாயிண்ட், லோயர் ஆர்மில் உள்ள துளைக்குள் பிரஸ் என்னும் அழுத்து எந்திரம் வைத்து இறுக்கமாக ஏற்ற வேண்டிய வகை. பழையதைப் பிரஸ் இல்லாமல் சம்மட்டியால் அடித்து வெளியேற்றியிருக்கிறார்கள். அடித்ததில் துளை நீள்வட்டமாகிவிட்டது. புதியது உள்ளே பிடிமானம் இல்லாமல் சுழன்றிருக்கிறது. சுழலாமல் இருக்க இரண்டு பொட்டு வெல்டிங். அந்த நிமிடத்தில் செய்ய வேண்டியது லோயர் ஆர்மையே மாற்றுவது. அதற்குப் பல ஆயிரம் ஆகும்; என்னிடம் கேட்டிருந்தால் நான் தயங்கியும் இருப்பேன். ஆனால் கேட்டிருக்க வேண்டும்.

இதில் அவர்கள் மீது எனக்கு வன்மம் இல்லை. சங்ககிரி, நாமக்கல் வட்டாரமும் சேலமும் லாரித் தொழிலில் வளர்ந்த ஊர்கள். இங்கே வேலை கற்றவர்களின் கை லாரியில் பழகிய கை. லாரியின் முன்னச்சில் இருப்பது கிங் பின். ஒரு தடித்த எஃகு முளை, வெண்கலப் புஷ். அதைச் சம்மட்டியால் அடிக்கலாம், பிடிவாதம் பிடித்தால் சூடும் காட்டலாம். தேய்ந்தால் புஷ்ஷை மாற்றிக் கடைந்துகொள்ளலாம். பால் ஜாயிண்ட் அந்தச் சாதி இல்லை. உள்ளே பிளாஸ்டிக் இருக்கிறது, உறையாக மெல்லிய ரப்பர் இருக்கிறது. லாரிக்குச் செய்த வைத்தியத்தை இதற்குச் செய்தால் தாங்காது.

இரண்டாவது பால் ஜாயிண்ட் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். விலை உயர்ந்தது, கிரீஸ் நிப்பிள் (வெளியிலிருந்து கிரீஸ் அடிக்கும் சிறு வாய்) உள்ளது, இந்த முறை லோயர் ஆர்மும் புதிது. 19,000 கிலோமீட்டரில் போனது. கழற்றியபோது உறையில் ஓர் அங்குல நீளத்துக்கு நேர்க்கோட்டுக் கிழிசல். உள்ளே கிரீஸுக்குப் பதில் செங்கல் நிறத்தில் குழைசேறு. தேய்ந்து கிழிந்த கிழிசல் அப்படி நேராக இருக்காது. நக்கிளிலிருந்து கழற்ற இரட்டைநாக்கு முட்கரண்டி போன்ற ஓர் ஆப்பை நடுவில் வைத்து அடிப்பார்கள். தூக்கி எறியப்போகும் பால் ஜாயிண்டுக்கு அது பரவாயில்லை. ஆனால் இடையில் ஒருமுறை பிரேக் டிஸ்க் வேலைக்காக நக்கிளைக் கழற்றியபோது, நல்ல நிலையில் இருந்த பால் ஜாயிண்டிலும் அதே ஆப்பை அடித்திருக்கிறார்கள். அதோடு என் பங்கும் உண்டு. ஐப்பசி மழையில் செம்மண் அப்பிய வண்டியை வாராவாரம் வாட்டர் சர்வீசில் விட்டு, சக்கரத்துக்கு உள்பக்கமெல்லாம் அழுத்தமாகத் தண்ணீர் அடிக்கச் சொன்னது நான்தான். கிழிந்த உறைக்குள் அந்தத் தண்ணீர் நேராகப் போயிருக்கிறது. நிப்பிள் இருந்தும் ஒருமுறைகூடக் கிரீஸ் அடிக்கவில்லை. அடித்திருந்தால் கிழிசலையாவது பார்த்திருப்பேன்.

2022 மார்ச்சில் மூன்றாவது முறை. அடிவாரத்தை ஒட்டிச் சிறிய பட்டறை வைத்திருக்கும் ஓர் அண்ணனிடம் போனேன். முன்பு கார் கம்பெனி சர்வீஸ் நிலையத்தில் வேலை பார்த்தவர். நான் அறுத்த பால் ஜாயிண்டைப் பையிலிருந்து எடுத்து அவர் மேசையில் வைத்தேன். புரட்டிப் பார்த்தார். "இதை யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள், எனக்கு வேண்டும்" என்றார். இன்றும் அது அவர் பட்டறைச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. புதிதாக வரும் பையன்களுக்கு அதைக் காட்டித்தான் பாடம் தொடங்குவதாகச் சொன்னார்.

அவர் செய்த வேலையை நான் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தேன். முதலில் எதையும் கழற்றவில்லை. சோதனைதான். நான் அதுவரை பார்த்தவர்கள் எல்லோரும் சேசிஸுக்குக் கீழே ஜாக்கி கொடுத்துச் சக்கரத்தை ஆட்டிப் பார்த்தார்கள். அவர் லோயர் ஆர்முக்குக் கீழே, சக்கரத்துக்கு எவ்வளவு நெருக்கமாக முடியுமோ அவ்வளவு நெருக்கமாக ஜாக்கி வைத்தார். எதற்காக அங்கே என்று கேட்டேன்.

"சேசிஸைத் தூக்கினால் ஸ்பிரிங் ஆர்மைக் கீழ்நோக்கி அழுத்திக்கொண்டே இருக்கும் தம்பி. குமிழ் கிண்ணத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். எவ்வளவு தேய்ந்திருந்தாலும் ஆட்டம் வெளியே தெரியாது. ஆர்மைத் தூக்கினால்தான் ஸ்பிரிங்கின் பாரம் ஜாக்கிக்குப் போகும், மூட்டு தளரும்."

சக்கரம் தரையிலிருந்து இரண்டு விரற்கடை எழும்பியதும், டயருக்கு அடியில் ஒரு கடப்பாரையைக் கொடுத்து மெதுவாக நெம்பச் சொன்னார். அவர் கீழே படுத்து, கட்டைவிரலை நக்கிளுக்கும் பால் ஜாயிண்டுக்கும் நடுவில் வைத்தார். என் விரலையும் வைக்கச் சொன்னார். நெம்பும்போது ஒரு சின்ன இடைவெளி திறந்து மூடியது. கண்ணுக்குத் தெரிவதற்கு முன்னால் விரலுக்குத் தெரிந்தது. பிறகு சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டினார், அங்கேயும் ஆட்டம். பையனை உள்ளே உட்காரவைத்து பிரேக்கை மிதிக்கச் சொல்லி மறுபடி ஆட்டினார். ஆட்டம் அப்படியே இருந்தது. பிரேக் மிதித்ததும் நின்றிருந்தால் அது வீல் பேரிங் கோளாறு. நிற்காவிட்டால் பால் ஜாயிண்ட், அல்லது ஆர்ம் வண்டியோடு சேரும் இடத்தில் உள்ள ரப்பர் புஷ். பக்கவாட்டில் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் ஸ்டியரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் கம்பியின் முனையான டை ராட் எண்டைப் பார்க்க வேண்டும். ஐந்து நிமிட வேலை. இது தெரியாமல் தேவையில்லாத பேரிங் மாற்றியவர்களை எனக்குத் தெரியும்.

கழற்றும்போது ஆப்பைத் தொடவில்லை. நட்டைத் தளர்த்தி, முழுவதும் கழற்றாமல் இரண்டு மரை விட்டு வைத்து, நக்கிளின் கண்ணுக்கு இருபுறமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடித்தார். மூன்றாவது அடியில் கூம்பு பிடிவிட்டு 'டங்' என்று இறங்கியது. நட்டைக் கடைசிவரை விடாமல் வைத்ததற்குக் காரணம் உண்டு. ஸ்பிரிங்கின் விசை ஆர்மில் இருக்கிறது. பிடி இல்லாமல் விட்டால் ஆளை அடித்துவிடும். ஜாக்கியும் ஆர்முக்குக் கீழேயே இருந்தது. வீட்டில் தாமாகச் செய்து பார்க்க நினைப்பவர்கள் இந்த ஓர் இடத்தில் மட்டும் விளையாட வேண்டாம். நான் செய்யமாட்டேன்.

அடுத்து அவர் செய்ததுதான் எனக்குப் புதிது. பால் ஜாயிண்டின் தண்டு கூம்பாக இருக்கும். நக்கிளில் அதற்கேற்ற கூம்புத் துளை. இந்த இரண்டும் முழுப்பரப்பில் ஒட்டினால்தான் பிடிமானம். துளையைச் சுத்தமாகத் துடைத்து, துரு இருந்த இடத்தை மெல்லிய எமரித் தாளால் ஒற்றி எடுத்தார். புதுப் பால் ஜாயிண்டின் கூம்பில் பென்சிலால் நெடுக நாலைந்து கோடு போட்டார். துளையில் சொருகி அழுத்தி லேசாகத் திருகி வெளியே எடுத்தார். கோடுகள் எல்லாம் மேலிருந்து கீழ்வரை ஒரே மாதிரி அழிந்திருந்தன. "மேலே மட்டும் அழிந்து கீழே கோடு நின்றால் நக்கிள் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு எவ்வளவு நல்ல பால் ஜாயிண்ட் போட்டாலும் தண்டு ஆடி ஆடி ஒடியும்" என்றார். கூம்பில் கிரீஸோ எண்ணெயோ தடவவில்லை. உலர்ந்தே இருக்க வேண்டுமாம்.

பால் ஜாயிண்டை ஆர்மில் ஏற்றியது பிரஸ்ஸில். அழுத்தம் வெளி வளையத்தில் மட்டும் விழும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து, உறையையோ அடிமூடியையோ தொடாமல் ஏற்றினார். பால் ஜாயிண்ட் கழலாமல் பிடிக்கும் சர்க்ளிப் வளையம் அதன் பள்ளத்தில் உட்கார்ந்ததை விரல் நகத்தால் சுற்றித் தடவிப் பார்த்தார். நட்டை டார்க் ரெஞ்சால் வண்டியின் கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்கினார். நட் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் துளை நட்டின் வெட்டுக்கு நேராக வரவில்லை. அதுவரை நான் பார்த்தவர்கள் அந்த இடத்தில் நட்டைக் கொஞ்சம் பின்னுக்குத் திருப்புவார்கள். இவர் முன்னுக்கு, அடுத்த வெட்டு வரும்வரை இறுக்கினார். பின்னுக்குத் திருப்பினால் கூம்பின் பிடி தளர்ந்துவிடும் என்றார். ஆர்ம் புஷ் போல்ட்டுகளை மட்டும் அப்போது இறுக்கவில்லை. வண்டியைத் தரையில் இறக்கி, அதன் பாரத்தில் நிற்கவைத்த பிறகுதான் இறுக்கினார். தொங்கும் நிலையில் இறுக்கினால் வண்டி இறங்கியதும் புஷ் ரப்பர் முறுக்கிக்கொண்டே நின்று சீக்கிரம் கிழியுமாம்.

அன்றே சேலத்தில் வீல் அலைன்மெண்ட் பார்த்துவிட்டுத்தான் மலையேறினேன். இதை மிச்சம் பிடிக்க நினைத்தவர்களின் டயர் உள்விளிம்பு நாலே மாதத்தில் வழுக்கையாவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மலையில் ஒரு டயரின் விலை கூடுதல். அதில் இருக்கும் உயிரின் விலையைச் சொல்ல வேண்டியதில்லை. கீழ் பால் ஜாயிண்ட் முழுவதும் கழன்றால் சக்கரம் வண்டிக்கு அடியில் மடிந்துவிடும். அதன் பிறகு ஸ்டியரிங் உங்கள் கையில் இருந்தும் பயனில்லை. பக்கத்தில் கைப்பிடிச் சுவரும் அதற்கப்பால் பள்ளமும் உள்ள சாலையில் இதை மறக்க முடியாது.

பொருளைப் பற்றிக் கேட்பவர்களுக்கு என் அபிப்பிராயத்தைச் சொல்கிறேன். நிப்பிள் இல்லாமல் மூடிவைத்த பால் ஜாயிண்ட் நல்லதா, கிரீஸ் அடிக்கும் வகை நல்லதா என்பது தீராத வாதம். அமெரிக்காவில் ஓடும் ஃபோர்டு சூப்பர் டியூட்டி, ராம் 2500 போன்ற கனரகப் பிக்கப்களின் நான்கு சக்கர இயக்க வகைகளில் முன்னால் ஒரே முழு அச்சு. அதன் இரு முனையிலும் மேலொன்று கீழொன்றாகப் பால் ஜாயிண்ட். அந்த வண்டிக்காரர்களும் இதே வாதத்தைத்தான் பேசுகிறார்கள். மூடிய வகையில் பிளாஸ்டிக் புறணி இருப்பதால் சுழற்சி மென்மை, பராமரிப்பு இல்லை; ஆனால் அதன் ஆயுள் அந்த ரப்பர் உறையின் ஆயுள். உறை போன அன்றைக்கு அதுவும் போனது. நிப்பிள் உள்ள வகையில் பெரும்பாலும் இரும்போடு இரும்பு உரசும். தவறாமல் கிரீஸ் அடித்தால் புதுக் கிரீஸ் பழைய அழுக்கைத் தள்ளிக்கொண்டு வரும், நீண்ட நாள் ஓடும். அடிக்காமல் விட்டால் மூடிய வகையைவிடச் சீக்கிரம் போகும். என் இரண்டாவது பால் ஜாயிண்ட் அப்படித்தான் போனது. நல்ல தார்ச்சாலையில் மட்டும் ஓடுபவர் மூடியதையே போடலாம். எஸ்டேட் வண்டிப்பாதையில், ஓடைத் தண்ணீரில், செம்மண் சகதியில் ஓட்டும் எனக்கு நிப்பிள் உள்ளதுதான் சரி. ஆனால் அதைப் போட்டால் கிரீஸ் கன்னும் வீட்டில் இருக்க வேண்டும்.

நான் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை அடிக்கிறேன். மழை மாதங்களில் 3,000. முதலில் நிப்பிளின் தலையைத் துணியால் துடைப்பேன். துடைக்காமல் அடித்தால் அதன் மேல் இருக்கும் மண்ணை நாமே உள்ளே தள்ளுகிறோம். லித்தியம் கிரீஸ், மெதுவாக இரண்டு மூன்று அழுத்து. உறை லேசாக உப்ப ஆரம்பித்ததும் நிறுத்திவிட வேண்டும். பலூன் மாதிரி உப்பும்வரை அடித்தால் உறை அதன் விளிம்பில் பிய்ந்துவிடும்; அதோடு எல்லாம் முடிந்தது. வாட்டர் சர்வீசில் இப்போது சக்கரத்து உள்பக்கம் அழுத்தத் தண்ணீர் அடிக்க விடுவதில்லை. வீட்டிலேயே சாதாரணக் குழாயில் கழுவுகிறேன்.

கடையில் வாங்கும்போது பெட்டியைப் பிரித்து, தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். நல்லது இறுக்கமாக, சீராகத் திரும்பும். இளகி விழுந்தால் வேண்டாம். ஓரிடத்தில் சிக்கிச் சிக்கித் திரும்பினாலும் வேண்டாம். உறையை விரலால் அழுத்தி மடித்துப் பாருங்கள். பல வருடம் அலமாரியில் கிடந்த ரப்பர் மடிப்பில் மெல்லிய வெடிப்பு காட்டும். பழைய பால் ஜாயிண்டை வெட்டிப் புறணி மாற்றி மறுபடி மூடித் தருபவர்களும் இருக்கிறார்கள். மேல் பால் ஜாயிண்டுக்கே நான் அதை ஒப்பமாட்டேன். கீழுக்கு வேண்டவே வேண்டாம். லோயர் ஆர்மோடு சேர்ந்து வருவது கிடைத்தால், ஆர்ம் துளை கொஞ்சமாவது அடிபட்டிருந்தால், பணத்தைப் பார்க்காமல் அதையே போடுங்கள்.

லோடைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆர்சி புத்தகத்தில் உள்ள எடையைத் தாண்டி நான் ஏற்றியதே இல்லை என்று சொன்னால் அது பொய். 2019வரை ஏற்றியிருக்கிறேன். சிமெண்ட் மூட்டை 50 கிலோ. "இன்னும் நாலு போட்டுக்கொள்ளுங்கள் அண்ணா, ஒரே நடையில் முடிந்துவிடும்" என்று கேட்டால் மறுக்க மனம் வராது. நாலு மூட்டை 200 கிலோ. இப்போது மறுத்துவிடுகிறேன். சக்கரம் வெளியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும் என்று அகலமான ரிம் மாட்டும் இளைஞர்களுக்கும் இதையே சொல்கிறேன். சக்கரம் எவ்வளவு வெளியே போகிறதோ, அவ்வளவு நீளமான நெம்புகோலால் அந்தப் பால் ஜாயிண்டைப் பிளக்கிறீர்கள்.

2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் மழையில் மலைப்பாதையில் மண் சரிந்தபோது நான் மேலேயே இருந்தேன். பாதை திறந்து முதல் நடை இறங்கியபோது சாலையெங்கும் சேறும் கல்லும். வீடு திரும்பியதும் டார்ச் விளக்கோடு சக்கரத்துக்குள் தலையை விட்டு நான்கு உறைகளையும் துடைத்துப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்கார்ந்தேன். எதுவும் கிழியவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை கிரீஸ் அடிக்கும்போது மீட்டரைக் குறித்துக்கொண்டேன். மூன்றாவது பால் ஜாயிண்ட் போட்டு 61,000 கிலோமீட்டர். ஜாக்கியை ஆர்முக்குக் கீழே வைத்து, என் மகன் கடப்பாரையால் நெம்ப, நான் விரலை வைத்துப் பார்த்தேன். ஆட்டம் இல்லை. ஆனால் உறையை அழுத்தியபோது கீழ் மடிப்பில், தலைமுடி அளவுக்கு ஒரு வெடிப்பு தென்பட்டது. இன்னும் உள்ளே போகவில்லை, கிரீஸ் கசியவில்லை. அடிவாரத்து அண்ணனுக்குப் போன் செய்து, ஆர்மோடு சேர்ந்த பால் ஜாயிண்ட் இரண்டு பக்கத்துக்கும் வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன். ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் மாட்டிவிட வேண்டும்.